மஞ்சள் பனியனும் சிமென்ட் தூசும்

இரவு ஒன்பதே முக்கால். சென்னை சூப்பர் கிங்ஸ் துரத்த ஆரம்பித்து மூன்று ஓவர்தான் ஆகியிருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் மூன்றாம் ஷிப்டுக்குப் போகிறவர் எழுந்தாக வேண்டும். டிவியைப் பார்த்தபடியே சட்டைப் பித்தானைப் போடுவார். வண்டிச் சாவியைத் தேடுவார். வாசல்படியில் நின்று இன்னும் ஒரு பந்து பார்ப்பார். பிறகு அரை மனசோடு வண்டியைக் கிளப்புவார். ஆட்டம் முடியப் பதினொன்றேகால் ஆகும். அப்போது அவர் சிமென்ட் ஆலையில் சூளைப் பக்கமோ அரவைப் பக்கமோ வேலையில் இருப்பார்.

அதே சாலையில் இரண்டாம் ஷிப்டு முடிந்தவர் எதிரே வருவார். அவருக்கு முதல் பாதி போய்விட்டது. கை கால் கழுவி, சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் கடைசி ஏழெட்டு ஓவர் கிடைக்கும். காலை ஷிப்டுக்காரருக்கு முழு ஆட்டமும் கிடைக்கும். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்பதால் பாதிக் கண் மூடியபடிதான் பார்ப்பார். சிமென்ட் சூளையை இரவில் அணைத்துவிட்டுக் காலையில் பற்ற வைக்க முடியாது. அது இருபத்து நான்கு மணி நேரமும் எரிகிறது. அதனால் அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தில் ஓர் ஆட்டம் மூன்று துண்டாகத்தான் பார்க்கப்படுகிறது. மறுநாள் டீக்கடையில் அந்த மூன்று துண்டையும் சேர்த்துத் தைப்பதுதான் பேச்சு.

2025 சீசனில் அந்தப் பேச்சு கொஞ்சம் கனமாகவே இருந்தது. ஐந்து முறை கோப்பை வென்ற அணி, ஐ.பி.எல். வரலாற்றில் முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. 14 ஆட்டம், 4 வெற்றி, 8 புள்ளி, பத்தாவது இடம்.

சுண்ணாம்புக் கல்லும் சூப்பர் கிங்ஸும்

அரியலூர் மண்ணுக்குச் சென்னை அணி மேல் ஓர் உரிமை உண்டு. வேறு மாவட்டத்துக்காரர்கள் இதை அவ்வளவாக யோசித்திருக்க மாட்டார்கள்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. டைனோசர் காலத்துக் கடல் அது. அதில் வாழ்ந்த சிப்பி, நத்தை, நண்டு வகைகளின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக் கல் ஆயின. அந்தக் கல்லைத் தேடித்தான் சிமென்ட் ஆலைகள் இங்கே வந்தன. அரசின் டான்செம், ராம்கோ, டால்மியா, செட்டிநாடு, அல்ட்ராடெக், இந்தியா சிமென்ட்ஸ் என்று பெயர்களை அடுக்கினால் ஒரு கட்டடக் கடையின் சுவர் விளம்பரம் போல இருக்கும். ரெட்டிபாளையத்தில் இருப்பது அல்ட்ராடெக். 2010-க்கு முன்பு அது கிராசிம். செந்துறை பக்கம் தளவாயில் இருப்பது இந்தியா சிமென்ட்ஸ்.

2008-ல் ஐ.பி.எல். அணிகள் ஏலத்துக்கு வந்தபோது சென்னையை எடுத்தது இந்த இந்தியா சிமென்ட்ஸ்தான். விலை 9 கோடியே 10 லட்சம் டாலர். சங்கர், கோரமண்டல் என்று மூட்டை மூட்டையாகச் சிமென்ட் விற்று வந்த கம்பெனி ஒரே நாளில் தோனியின் முதலாளி ஆனது. அது வெறும் உவமையாக நின்றுவிடவும் இல்லை. பிற்பாடு தோனி அந்தக் கம்பெனியில் துணைத் தலைவர் பதவியில் நிஜமாகவே ஊழியராக இருந்தார். ராகுல் திராவிடும் அதே கம்பெனி ஆளாக இருந்தவர்தான். கிரிக்கெட்காரர்களுக்கு வேலை கொடுப்பதும் சென்னை லீக்கில் அணிகளை நடத்துவதும் அந்த நிறுவனத்துக்குப் பழைய வழக்கம்.

அப்படிப் பார்த்தால் சேப்பாக்கத்தில் பறந்த முதல் மஞ்சள் கொடிக்குப் பின்னால் தளவாய்க் கல்லும் கொஞ்சம் இருந்தது. வெட்டியவர்கள், ஏற்றியவர்கள், அரைத்தவர்கள் இங்கே இருந்தார்கள். "நம்ம டீம்" என்று இந்த ஊர்க்காரர் சொன்னால் அது வெறும் பாசப் பேச்சு இல்லை.

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. 2013 சூதாட்டப் புகார், 2015-ல் லோதா குழுவின் தீர்ப்பு, 2016, 2017 என்று இரண்டு ஆண்டு தடை. இடையில் அணியை ஒரு தனி நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 2024-ல் அல்ட்ராடெக், இந்தியா சிமென்ட்ஸின் பங்குகளை வாங்கத் தொடங்கியது. நிறுவனர் தரப்பின் கையிலிருந்த 32.72 சதவீதப் பங்கை 3,954 கோடி ரூபாய்க்குப் பேசி, அந்த டிசம்பர் 24-ம் தேதி வியாபாரத்தை முடித்தது. கிரிக்கெட் அணி அந்தப் பேரத்தில் இல்லை. அது தனியாகவே நிற்கிறது.

ஆக, இன்று ரெட்டிபாளையமும் தளவாயும் ஒரே குடையின் கீழ். ஆலை வாசலில் பெயர்ப்பலகை மாறுவதைப் பார்த்துப் பழகிய ஊர் இது. கிராசிம் போய் அல்ட்ராடெக் வந்தபோதும் சூளை எரிந்தது, ஷிப்டு மாறவில்லை. ரெய்னா போனார், டூ பிளெஸ்ஸிஸ் போனார், கேப்டன் மாறினார், மறுபடி மாறினார். பனியன் மஞ்சளாகவே இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் ஓர் அணியோடு ஒட்டிக்கொள்ளும் விதத்துக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஐந்து தோல்வியும் ஒரு சித்திரையும்

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மார்ச் 23, சேப்பாக்கம், எதிரே மும்பை. ஆப்கானிஸ்தான் சுழல் பந்து வீச்சாளர் நூர் அகமது 18 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். சூர்யகுமாரைத் தோனி கண்மூடித் திறப்பதற்குள் ஸ்டம்பிங் செய்தார். மும்பையை அடித்தாகிவிட்டது, இனி என்ன வேண்டும் என்று இருந்தார்கள் ரசிகர்கள்.

ஐந்தே நாளில் பெங்களூரு வந்தது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னையை அந்த அணி வென்றதே கிடையாது. பதினேழு வருடக் கணக்கை 50 ரன் வித்தியாசத்தில் தீர்த்துவிட்டுப் போனது. அந்த ஆட்டத்தில் தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். ஜெயிக்க வாய்ப்பே இல்லாத நேரத்தில் வந்து 16 பந்தில் 30 அடித்தார். மறுநாள் பேச்செல்லாம் தோல்வியைப் பற்றி இல்லை. ஒன்பதாவது ஆளாக வருவானேன் என்பதைப் பற்றித்தான்.

குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. சேப்பாக்கத்தில் டெல்லியிடம் 25 ரன்னில் தோல்வி. 2010-க்குப் பிறகு டெல்லிக்கு அங்கே முதல் வெற்றி அது. முல்லன்பூரில் பஞ்சாபின் பிரியான்ஷ் ஆர்யா 42 பந்தில் 103. கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை எலும்பு முறிவால் சீசனை விட்டே விலக, 43 வயதுத் தோனி மறுபடியும் கேப்டன். "தல வந்துட்டாரு, இனி பாரு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர்களுக்கு ஏப்ரல் 11 கிடைத்தது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன். சேப்பாக்கத்தில் சென்னை எடுத்ததிலேயே குறைந்த ஸ்கோர். சுனில் நரைன் 13 ரன் கொடுத்து 3 விக்கெட். கொல்கத்தா 10.1 ஓவரில் அடித்து முடித்தது. அன்று மட்டும் மூன்றாம் ஷிப்டுக்காரர் வழியிலேயே முடிவைத் தெரிந்துகொண்டிருப்பார்.

தொடர்ந்து ஐந்து தோல்வி. சேப்பாக்கத்தில் வரிசையாக மூன்று. இரண்டும் அதற்கு முன் நடந்ததில்லை.

மூன்று நாள் கழித்து ஏப்ரல் 14, திங்கட்கிழமை. சித்திரை ஒன்று. விசுவாவசு ஆண்டுப் பிறப்பு. அம்பேத்கர் பிறந்தநாள் விடுமுறையும் அன்றுதான். காலையில் வேப்பம்பூப் பச்சடி, மத்தியானம் வடை பாயசம், சாயங்காலம் லக்னோவில் ஆட்டம். அந்த சீசனை ஒரே ஓர் இரவாக வைத்துச் சொல்ல வேண்டும் என்றால் அந்த இரவைத்தான் சொல்ல வேண்டும்.

லக்னோ முதலில் ஆடியது. அபாய ஆள் நிகோலஸ் பூரனை 8 ரன்னில் அன்ஷுல் கம்போஜ் காலில் வாங்கினார். நடுவர் தரவில்லை. ரிவ்யூ கேட்டு வாங்கினார்கள். தோனி கேட்டால் அவுட்தான் என்பது பல வருடமாக எல்லாத் தெருவிலும் சொல்லப்படும் வாக்கு. அன்று பலித்தது. நூர் அகமதுக்கு விக்கெட் இல்லை. ஆனால் 4 ஓவரில் 13 ரன்தான் கொடுத்தார். ரிஷப் பந்த் 49 பந்தில் 63. பதோனியைத் தோனி ஸ்டம்பிங் செய்தார். ஐ.பி.எல்.லில் விக்கெட் கீப்பராக 200 பேரை வெளியேற்றிய முதல் ஆள் ஆனார். கடைசி ஓவரில் அப்துல் சமத் ஓடும்போது, பின்னாலிருந்து பந்தை எடுத்து மேலே தூக்கிப் போட்டார். அது வளைந்து போய் எதிர்முனை ஸ்டம்பில் விழுந்தது. புளியம்பழத்துக்குக் கல் எறிந்தவர்களுக்கு அந்தக் கையின் அருமை தெரியும். லக்னோ 166.

ஆந்திரத்து இளைஞர் ஷேக் ரஷீத் முதல் ஆட்டம் ஆடினார். 19 பந்தில் 27. ரச்சின் ரவீந்திரா 22 பந்தில் 37. ஐந்து ஓவருக்குள் 52. சரி, இன்று ஜெயித்துவிடுவோம் என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ரவி பிஷ்னோய் வந்துவிட்டார். திரிபாதி போனார், ஜடேஜா போனார், விஜய் சங்கர் போனார். 15 ஓவரில் 111-க்கு 5. இன்னும் 30 பந்தில் 56.

வந்தது தோனி. இம்முறை ஏழாவது ஆளாக.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஒரு டிவி. இரவு ஏழரை முதல் பத்து வரை அதில் சீரியல் ஓட வேண்டும் என்பது பல வீடுகளில் நியாயமான கோரிக்கை. அப்போது கிரிக்கெட் செல்போனுக்குப் போகும். போனில் வரும் ஆட்டம் டிவியைவிடச் சில நொடி பின்தங்கி வரும். கேபிளில் பந்து போட்டு முடித்து, சிக்ஸர் போய், பக்கத்து வீட்டில் "ஏய்ய்ய்" என்று சத்தம் கிளம்பிய பிறகுதான் போனில் பவுலர் ஓடிவரத் தொடங்குவார். அதனால் தெருவில் போன் பார்ப்பவர்கள் எதிர்காலம் தெரிந்தவர்கள் போலத்தான் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். சத்தம் வந்தால் பவுண்டரி. சத்தம் வராவிட்டால் டாட் பால். "ச்சே" என்று ஒரே குரலாக வந்தால் விக்கெட். அடுத்த வீட்டுச் சுவர்தான் ஸ்கோர் போர்டு. இரண்டு சீசன் இலவசமாகக் கிடைத்த ஆட்டம், 2025-ல் ஜியோஹாட்ஸ்டார் என்று மாறி, 299 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்தாலோ சந்தா கட்டினாலோதான் என்றானபோது, ஒரு போனைச் சுற்றி உட்காரும் தலைகள் இன்னும் கூடின.

அந்தச் சித்திரை இரவில் சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடினாலும் தோனி அடித்தார். 11 பந்தில் 26. மறுமுனையில் ஷிவம் துபே 37 பந்தில் 43. பத்தொன்பதாவது ஓவரை வீசிய ஷர்துல் தாக்கூர், பழைய சென்னைக்காரர், 19 ரன் கொடுத்தார். கடைசி ஓவரில் துபே நாலு அடித்து முடித்தபோது மூன்று பந்து மிச்சம் இருந்தது. தோனிக்கு ஆட்ட நாயகன் விருது. 2019-க்குப் பிறகு முதல் முறை.

மறுநாள் மூன்று துண்டும் சேர்ந்தபோது ஒரு கேள்வி பாக்கி நின்றது. 3 ஓவரில் 18 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்த பிஷ்னோய்க்கு நாலாவது ஓவரை ஏன் கொடுக்கவில்லை? பந்த் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்போமா? மாமன் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம் நின்று வாதாடுவதற்கு இந்த மாதிரி ஒரு கேள்வி போதும். ஜெயித்த ஆட்டத்தில் எதிரணி கேப்டனின் தப்பைப் பற்றிப் பேசுவது தனி சுகம். அந்த சீசனில் இந்தச் சுகம் நாலு தடவைதான் கிடைத்தது.

தல வேணுமா, டீம் வேணுமா

இதுதான் அந்த வருடத்தின் பெரிய சண்டை. பகையில்லாத சண்டை. ஒரே வீட்டுக்குள் அண்ணனும் தம்பியும் பிரிந்து நின்ற சண்டை.

சென்னை ரசிகர்களில் ஒரு பகுதியினர், தோனி ஆட வரவேண்டும் என்பதற்காகத் தங்கள் அணி ஆளே அவுட் ஆனாலும் கைதட்டுகிறார்கள். மைதானத்திலும் அது கேட்கிறது, டீக்கடையிலும் கேட்கிறது. இன்னொரு பகுதியினருக்கு அது வயிற்றெரிச்சல். பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங்கே, தோனியின் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் ஓடி ஆடச் சொல்ல முடியாது என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசிவிட்டார். டெல்லிக்கு எதிரான ஆட்டத்தில் 184 தேவைப்பட்டபோது, தோனி 26 பந்தில் 30, விஜய் சங்கர் 54 பந்தில் 69 என்று கடைசி வரை அவுட் ஆகாமல் நின்றும் 158-தான் வந்தது. தோனியின் பெற்றோர் அன்று சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் அன்றோடு ஓய்வு அறிவிப்பு வரும் என்று ஊர் முழுக்க ஒரு பேச்சு பரவி, பொய்யாகி, அடங்கியது.

நாற்பதைத் தாண்டியவர்கள் தோனி பக்கம், இளைஞர்கள் எதிர்ப் பக்கம் என்று நினைத்தால் அது தவறு. பெரும்பாலும் தலைகீழ்தான். சுரங்கத்திலும் ஆலையிலும் முப்பது வருடம் உழைத்தவருக்கு ஓய்வு வயது என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். முழங்கால் வலியோடு வேலைக்கு வருகிறவரை அவர் பார்த்திருக்கிறார், அவராகவே இருந்தும் இருக்கிறார். இருபது வயதுப் பையனுக்கோ பிறந்ததிலிருந்து தெரிந்த கேப்டன் தோனி ஒருவர்தான். அவர் இல்லாத சென்னை அணி அவனுக்குக் கண்ணில் வரவே மாட்டேன் என்கிறது.

இன்னொரு குறை பழையது. சென்னை அணியில் தமிழ்நாட்டு ஆட்கள் எங்கே? 2023 ஏப்ரலில் தருமபுரி பா.ம.க. எம்.எல்.ஏ. வெங்கடேஸ்வரன் சட்டப்பேரவையிலேயே இதைக் கேட்டு, அணியைத் தடை செய்யச் சொன்னார். தடை என்பது அதிகம்தான். ஆனால் கேள்வி சும்மா வந்ததில்லை. 2025 சீசனில் அதிக ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கியவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன். 759 ரன். எல்லாம் குஜராத்துக்கு. 2023 இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்துக் கலங்க வைத்ததும் அவரேதான். 2025-ல் வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர் குஜராத்தில். வருண் சக்ரவர்த்தி கொல்கத்தாவில். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டு வளர்ந்த நடராஜன் டெல்லியில். அந்த ஆண்டு அஸ்வின் திரும்பி வந்தார் என்பது ஒரு ஆறுதல். ஆனால் அவருக்கும் அது நல்ல சீசனாக அமையவில்லை.

நடராஜன் கதை இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு நெருக்கமானது. அறுவடை முடிந்த வயலில், ஆலைக்குப் பின்னால் கிடக்கும் பொட்டலில், டென்னிஸ் பந்தை வைத்துத்தான் இங்கேயும் ஆடுகிறார்கள். கோடையில் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட், ஊர்ப் பெயர் அச்சடித்த பனியன், மைக் பிடித்து வர்ணனை. அந்தப் பொட்டலுக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவில் உள்ள தூரம் பெரிது. 2025 மார்ச் 23 ஆட்டத்துக்கு மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டு நிர்ணயித்த தினக்கூலி 336. ஐந்து நாள் மண் வெட்டினாலும் ஒரு டிக்கெட் வராது. அரியலூரிலிருந்து ரயில் செலவு தனி, சாப்பாடு தனி, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தங்குவது எங்கே என்பது அதைவிடத் தனி. டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், அதுவும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இந்த ஊரில் பலர் ஐந்து கோப்பையையும் பார்த்திருக்கிறார்கள், சேப்பாக்கத்தைப் பார்த்ததில்லை.

2018-ல் ஒரு கட்டம் வந்தது. தடை முடிந்து அணி திரும்பிய வருடம். காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மாநிலமே கொதித்துக் கிடந்தபோது, ஏப்ரல் 10-ம் தேதி சேப்பாக்கத்தில் ஆட்டம் நடத்தினார்கள். வெளியே போராட்டம், உள்ளே செருப்பு வீச்சு. மிச்ச உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. சென்னையிலிருந்து ரசிகர்களை ஏற்றிக்கொண்டு விசில் போடு எக்ஸ்பிரஸ் கிளம்பியது. அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை கொள்ளிடம். திருமானூர், தா.பழூர் பக்கமெல்லாம் அந்தத் தண்ணீரை நம்பிய வயல்கள். ஆலை வேலையும் ஆத்துப்பாசனமும் ஒரே குடும்பத்தில் இருக்கிற இடம். தண்ணீரா, ஆட்டமா என்று கேட்டால் இங்கே யாருக்கும் பதில் தெரியாமல் இல்லை. அந்த ஆண்டு சென்னைதான் கோப்பை வென்றது என்றாலும், அந்த வெற்றியை ஊரில் பேசும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் வரும்.

ஒரு இரவை மறக்க முடியாது

இந்த மாவட்டத்தில் கிரிக்கெட் பேச்சைப் பற்றி எழுதும்போது 2022 அக்டோபரைத் தாண்டிப் போக முடியாது. கீழப்பழுவூர் காவல் நிலைய எல்லையில் இரண்டு நண்பர்கள் குடித்துவிட்டுக் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ரோகித், மும்பை. இன்னொருவருக்கு கோலி, பெங்களூரு. கேலி வாக்குவாதமாகி, வாக்குவாதம் அடிதடியாகி, கிரிக்கெட் மட்டையாலேயே அடிபட்டு ஒருவர் உயிர் போனது. இருவருக்கும் இருபது சொச்சம் வயது. அந்த வாரம் சமூக வலைதளத்தில் கோலியைக் கைது செய்யச் சொல்லி ஒரு ஹேஷ்டேக்கை ஓடவிட்டு, நாடு முழுக்க அதை விளையாட்டாக்கினார்கள். இரண்டு குடும்பம் அழிந்த விஷயம் அது. அதை வைத்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அரியலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்?

ரோகித்தோ கோலியோ இதில் குற்றவாளி இல்லை. குடி இருந்தது, ஒருவனை மட்டம் தட்டிப் பேசுவது நட்பின் உரிமை என்ற நினைப்பு இருந்தது. கேலி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது டீக்கடையில் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசும்போது தானாகத் தெரிந்துவிடும். "டேய், போதும் விடுறா" என்று சொல்ல அங்கே ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ இருப்பார். பொட்டல் வெளியில் பாட்டிலோடு உட்காரும்போது அந்தக் குரல் இல்லை.

162 ஆட்டமும் 14 ஆட்டமும்

தோல்வியைத் தாங்குவதில் வேறு ஊர்க் கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் அணி ஒவ்வொன்றும் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை, ஏறக்குறைய தினமும் ஓர் ஆட்டம். மிகச் சிறந்த அணிகூட ஐம்பது அறுபது ஆட்டம் தோற்கும். தோற்பது அங்கே தினசரிச் சாப்பாட்டில் உப்பு மாதிரி. சிகாகோ கப்ஸ் 1908-ல் பட்டம் வென்ற பிறகு அடுத்த பட்டத்துக்கு 2016 வரை காத்திருந்தது. 108 ஆண்டு. தாத்தா, அப்பா, மகன், பேரன் என்று நாலு தலைமுறை அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு அதே மைதானத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. 2016 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் சமநிலையில் நின்று, நடுவில் மழை வந்து பதினேழு நிமிடம் நிறுத்தி, பிறகு 8-க்கு 7 என்று ஜெயித்தார்கள்.

மழை வந்து நின்ற இறுதிப் போட்டி சென்னைக்காரர்களுக்கும் தெரியும். 2023 மே 29, அகமதாபாத். முந்தின நாள் மழையால் தள்ளிப்போன ஆட்டம், அன்றும் மழையில் நின்று, 15 ஓவரில் 171 என்று மாறி, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு முடிந்தது. மோகித் சர்மா வீசிய கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை. ஜடேஜா ஆறு, நாலு. அன்றைக்கு மட்டும் இரண்டாம் ஷிப்டுக்காரருக்கு ஏறக்குறைய முழு துரத்தலும் கிடைத்தது.

ஐ.பி.எல்.லில் 14 ஆட்டம்தான். இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு தோல்வியும் பதினாலில் ஒன்று என்பதால் கனமாக விழுகிறது. ஆறு ஆட்டம் போனதுமே ஆள் ஆளுக்குக் கால்குலேட்டரை எடுத்து, யார் யாரிடம் தோற்றால் நாம் உள்ளே போகலாம், நெட் ரன் ரேட் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். 2025-ல் அந்தக் கணக்கு ஏப்ரல் 30-ம் தேதியே முடிந்தது. சேப்பாக்கத்தில் சாம் கரன் 47 பந்தில் 88 அடித்தும், சஹல் ஒரே ஓவரில் ஹாட்ரிக்கோடு நாலு பேரைச் சாய்த்தார். பஞ்சாப் ஜெயித்தது. பத்து அணிகளில் முதலில் வெளியேறியது சென்னை.

கால்குலேட்டரை வைத்த பிறகும் ஆட்டம் பார்ப்பதை நிறுத்தவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வெளியேறிய மூன்றாம் நாள் பெங்களூருவில் நடந்ததைத்தான் அந்த சீசனின் சிறந்த ஆட்டம் என்று பலர் சொல்கிறார்கள். ருதுராஜுக்குப் பதிலாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94. ஜடேஜா அவுட் ஆகாமல் 77. முன்னதாக ரொமாரியோ ஷெப்பர்ட் 14 பந்தில் 53 அடித்துப் பெங்களூருவை 213-க்குக் கொண்டுபோயிருந்தார். கலீல் அகமதின் ஓர் ஓவரில் மட்டும் 33. கடைசி ஓவரில் சென்னைக்கு 15 தேவை. தோனி காலில் வாங்கி வெளியேறினார். துபே ஒரு நோ பாலைத் தூக்கி சிக்ஸருக்கு அனுப்பினார். 2 ரன்னில் தோல்வி. சென்னை ஆட்டக்காரர் பிரேவிஸுக்குக் கொடுத்த எல்.பி.டபிள்யூ.வுக்கு ரிவ்யூ கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். அந்த நொடிக் கணக்கு இன்னும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு இந்தியா-பாகிஸ்தான் மோதலால் மே 9-ம் தேதியிலிருந்து போட்டியே ஒரு வாரம் நின்றது. பெங்களூரு 18-வது வருடத்தில் முதல் கோப்பையை வென்றது. மறுநாள் அங்கே கூட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். இதையெல்லாம் பேசிப் பேசித் தாண்டிய பிறகும் பிரேவிஸின் அந்த ரிவ்யூ திரும்ப வருகிறது.

மே 20, டெல்லி. ராஜஸ்தானின் வைபவ் சூர்யவன்ஷி 57 அடித்துச் சென்னையைத் தோற்கடித்தார். வயது 14. சென்னை முதல் கோப்பை வாங்கியபோது பிறக்கவே இல்லாத பையன். ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போது குனிந்து தோனியின் காலைத் தொட்டான். சென்னை ரசிகர்கள் அந்தப் பையனை அன்றே மன்னித்துவிட்டார்கள்.

கடைசி ஆட்டம் மே 25, ஞாயிறு, பகல் மூன்றரை மணிக்கு அகமதாபாத்தில். பிரேவிஸ் 23 பந்தில் 57. சென்னை 230. முதலிடத்துக்குக் குறிவைத்து நின்ற குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் அடித்தார்கள். காலை ஷிப்டு முடிந்து வந்தவர்கள் முழுதாகப் பார்த்தார்கள். மூன்றாம் ஷிப்டுக்காரர்களும் தூங்கி எழுந்து முழுதாகப் பார்த்தார்கள். இரண்டாம் ஷிப்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு பந்துகூடக் கிடைக்கவில்லை. இரவு பத்தரைக்கு வீடு வந்தவர்களுக்கு மற்ற இருவரும் பந்து பந்தாகச் சொன்னார்கள்.

அந்த ஆட்டம் முடிந்ததும், அடுத்த வருடம் வருவீர்களா என்று தோனியிடம் கேட்டார்கள். முடிவெடுக்க நாலைந்து மாதம் இருக்கிறது, அவசரம் இல்லை என்றார். மே மாதத்திலிருந்து விரல் விட்டு எண்ணினால் ஐப்பசி. அதற்குள் ஆடி போகும், ஆவணி போகும். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்திருக்கும், டீக்கடைக் கூரையில் மழை விழ ஆரம்பித்திருக்கும். அஸ்வினை வைத்துக்கொள்வார்களா, மாத்ரேயை எந்த இடத்தில் இறக்குவார்கள், நூர் அகமதுக்குத் துணையாக யாரை வாங்குவார்கள், தல வருவாரா மாட்டாரா என்ற பேச்சு அப்போது மூன்று ஷிப்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.